நிதினுக்கு மூன்று ஷிஃப்ட்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்தாறு ஆண்டுகள் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளை இன்டர்நெட்டிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது? எந்த சாஃப்ட்வேர் போடுவது, எந்தத் தளத்தை பிளாக் செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று காலை பத்தே முக்காலுக்கும் மதியம் மூன்றரைக்கும் நடுவில் நான் என்னென்ன தவறு செய்தேன் என்று நீங்களே எண்ணிக்கொண்டு வாருங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். நானே சிரித்தவள்தான்.

2014, ஜூலை மாதம். அரை நாள் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டாவது பீரியட். பாடம், பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி. 'பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்காதே' என்று நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மூன்றாவது பெஞ்ச். பிரியதர்ஷினி, சங்கீதா, நிலோஃபர். மூவரின் மடியிலும் படும்படி ஒரு லாங் சைஸ் நோட்டு. பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அதில் அழகான கையெழுத்தில் 'ஷிஃப்ட் ரிஜிஸ்டர்' என்று எழுதியிருந்தது.

பிரியதர்ஷினியின் அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். அவருடைய நோட்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்கினேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு மையில், கட்டம் கட்டி, பாஸ்வேர்ட்.

அடுத்த பக்கத்திலிருந்து தேதி வாரியாக மூன்று பத்திகள். முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், மூன்றாம் ஷிஃப்ட். கடைசியில் குறிப்பு. வகுப்புக்கு ஏதோ எழுதச் சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

'முதல் ஷிஃப்ட்: சாப்பிட்டாயா என்று கேட்டாள். பூரி என்று சொல்லியிருக்கிறேன். அடுத்து வருபவர் இட்லி என்று சொல்லிவிட வேண்டாம்.'

'இரண்டாம் ஷிஃப்ட்: நிதினுக்கு இன்றுமுதல் சளி. மூன்று நாள் இருக்கும். யாரும் ஐஸ்கிரீம் பற்றிப் பேசக் கூடாது.'

'மூன்றாம் ஷிஃப்ட்: தங்கை பெயர் கேட்டாள். திவ்யா என்றேன். முதல் ஷிஃப்ட்டில் தீபா என்று சொன்னது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இரட்டைப் பிறவி என்று சமாளிக்கப்பட்டது. இனிமேல் நிதினுக்கு இரண்டு தங்கைகள்.'

நான் மேஜைக்கு அடியில் விழுந்த சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்து சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். இந்த வேலையில் அது மிகவும் முக்கியமான பயிற்சி. பழகிக்கொள்ளுங்கள்.

மூவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"யாரு இந்த நிதின்?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். நிலோஃபர்தான் வாய் திறந்தாள். "நாங்கதான் மிஸ்."

"மூணு பேருமா?"

"ஆளுக்கு ஒரு ஷிஃப்ட் மிஸ்."

நிதின், சென்னை, பத்தாம் வகுப்பு. சூரியன் மறையும் நேரத்தில் கடலைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பையன்தான் புரொஃபைல் படம். இப்படி ஒரு ஃபேக் ஐடியை உண்டாக்கி, ஒரு மாதமாக மூன்று பேரும் வேளை பிரித்து நடத்தி வந்திருக்கிறார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்முன் அம்மாவின் போனில் பிரியதர்ஷினி. சாயங்காலம் வீட்டு கம்ப்யூட்டரில் சங்கீதா. இரவுச் சாப்பாட்டுக்கு முன், அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் போனில் நிலோஃபர். காலையில் பிரேயரில் நிற்கும்போது ரிஜிஸ்டர் கைமாறும்.

"யாரை ஏமாத்தறதுக்கு இவ்வளவும்?"

"யோகலட்சுமியை மிஸ்," என்றாள் பிரியதர்ஷினி.

யோகலட்சுமி அதே வகுப்பு. முதல் பெஞ்ச், முதல் ரேங்க். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. யாரிடமும் வலியப் போய்ப் பேச மாட்டாள்.

"அவ யார்கிட்டயும் பேசவே மாட்டா மிஸ். ஃபர்ஸ்ட் ரேங்க் திமிர்னு நெனச்சோம். ஒரு நாள் கலாய்ச்சிட்டு விட்டுடலாம்னுதான் ஆரம்பிச்சோம். அவ பேரைப் போட்டுத் தேடினா ஐடி இருந்துச்சு. ரிக்வெஸ்ட் குடுத்து அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டா. நெட்ல ரொம்ப நல்லா பேசுறா மிஸ். எங்களுக்கே நிறுத்த மனசு வரல."

அப்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முந்தின நாள் எழுதியது. நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கச் சொல்கிறாள். அவளுடைய அண்ணன் பைக்கில் வருவாராம், அவரோடு ஏறிக்கொண்டால் போதுமாம், யாரிடமும் சொல்ல வேண்டாமாம். அதற்குக் கீழே பிரியதர்ஷினியின் கையெழுத்து: 'வரேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து நிதின் எப்படி வருவான்? கலந்து பேசவும்.'

"யோகாவுக்கு ஏது அண்ணன்? ஒரே ஒரு தங்கச்சிதானே?"

"நாங்களும் யோசிச்சோம் மிஸ்," என்றாள் சங்கீதா. "நாம நிதினுக்கு ரெட்டைத் தங்கச்சி சொல்லலையா, அந்த மாதிரி அவளும் சும்மா ஒரு அண்ணனைச் சொல்றான்னு விட்டுட்டோம்."

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக முதல் பெஞ்சில் யோகலட்சுமியின் இடம் காலி. அவள் எங்கே? இல்லாத ஒரு பையனைப் பார்ப்பதற்காகப் பண்ருட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாளா?

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. "லேபுக்குப் போய் அந்த ஐடியை இப்பவே டெலிட் பண்ணுங்க. ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் என் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். யோகாவின் வீட்டில் இருந்த ஒரே போன் அவள் அப்பாவிடம். அவர் டியூட்டியில். நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

டவுன்ஷிப் சாலைகள் எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவை எனக்குப் போதவில்லை. ரவுண்டானாவில் சுற்ற வேண்டிய பக்கம் சுற்றாமல் எதிர்ப்பக்கம் போய், செக்யூரிட்டி ஒருவர் விசில் ஊதினார். திரும்பிப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு அதே வேகத்தில் போனேன்.

யோகலட்சுமியின் வீடு குவார்ட்டர்ஸ் எல்லையைத் தாண்டி ஒரு வாடகை வரிசை வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் பெரியவர்கள் போடும் கனமான தங்கச் சங்கிலி. அம்மாவின் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டாளே.

"யோகா, எங்க கிளம்பிட்ட?"

அவள் திரும்பினாள். இரண்டு கன்னமும் பன் போல வீங்கி, அதன்மேல் ஏதோ பற்றுப் போட்டிருந்தது. சமையலறையிலிருந்து அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், பேச்சும் அப்படித்தான்.

"வாங்க டீச்சர். பொன்னுக்கு வீங்கி. மூணு நாளா இப்படித்தான் குந்திக்கினு இருக்கா. பொன்னு போட்டா வடியும்னு சொல்றாங்க, அதான் என் சங்கிலியைப் போட்டு வுட்டிருக்கேன். வாயைத் தொறக்க முடியல. கஞ்சியைத்தான் உறிஞ்சிக்கினு கிடக்கறா."

எனக்கு வந்த நிம்மதியில் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கேட்காமலேயே உட்கார்ந்தேன். இந்த முகத்தோடு எந்தப் பெண்ணும் எந்த பஸ் ஸ்டாண்டுக்கும் போக மாட்டாள். பேசி முடித்துவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"நெட்ல நிதின்னு ஒரு பையன்கிட்ட பேசுறியாம்மா?"

யோகா என்னையே பார்த்தாள். வாயைப் பாதி திறந்து, வலியில் மூடிக்கொண்டு, கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். 'எங்கிட்ட போன் இல்ல மிஸ்.'

"கம்ப்யூட்டர்?"

'ஸ்கூல்ல தொடுறதுதான் மிஸ்.'

"உன் பேர்ல ஐடி இருக்கே?"

'ஐடின்னா ஐடென்டிட்டி கார்டா மிஸ்?'

சில கேள்விகளை அப்படிப் பொய்யாகக் கேட்க முடியாது. இவள் இங்கே கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்றால், மூன்று மணிக்குப் பண்ருட்டிக்கு வரப்போவது யார்?

என் போனை எடுத்து, நிதின் ஐடிக்கு ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். டெலிட் ஆகியிருக்கும், உள்ளே போகாது என்றுதான் நினைத்தேன். போனது. யோகலட்சுமி என்ற பெயருக்குப் பக்கத்தில் அவள் சிரிக்கும் படம். அதைப் பெரிதாக்கி அவளிடம் காட்டினேன். அவளும் அவள் அம்மாவும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

"இது ஸ்காலர்ஷிப் பாரத்துக்குப் போட்டோ எடுக்கப் போனப்ப போட்டிருந்த சட்டை," என்றார் அம்மா. "ஆனா இந்தப் போட்டோவை எங்களுக்குத் தரலையே. பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பிதான் குடுத்தாரு. எல்லாத்துலயும் மூஞ்சி உம்முன்னு இருந்துச்சு."

யோகா வேகமாக எழுதினாள். 'எடுத்து முடிச்சப்புறம், சிரி பாப்பா, சும்மா இன்னொண்ணுன்னு ஸ்டூடியோக்காரர் எடுத்தார். அது இது.'

அங்கே போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினேன். செக்யூரிட்டி இந்த முறை விசில் ஊதவில்லை. ஒதுங்கி நின்றார்.

லேபில் மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் அழுதுகொண்டிருந்தார்கள். "டெலிட் பண்ண முடியல மிஸ்," என்றாள் நிலோஃபர். "அந்த சைட்டே ஓப்பன் ஆவல. நீங்கதான் போன மாசம் பிளாக் பண்ணி வெச்சீங்க."

உண்மைதான். நானே அடைத்துவிட்டு, நானே மறந்துபோய், அதே லேபுக்குப் போய் அழிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டர் டீச்சராகப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது அப்போது. ஒரு மாதப் பேச்சு முழுவதையும், ஆள் யாரென்று காட்டக்கூடிய ஒரே தடயத்தையும், கோபத்தில் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். என் புத்திசாலித்தனத்தால் அது தப்பிக்கவில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளைகள் செய்த அசிங்கத்தையோ அபத்தத்தையோ பார்த்ததும் முதலில் நமக்கு வருவது அதைத் துடைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரம்தான். துடைக்காதீர்கள். முதலில் உட்காருங்கள். கேளுங்கள்.

தலைமையாசிரியை அறைக்கு மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். யோகாவுக்கு ஐடியே இல்லை, அவள் படத்தை வைத்து வேறு எவனோ பேசுகிறான் என்று சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். ரிஜிஸ்டரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். இரட்டைத் தங்கைகள் வந்த பக்கத்தில் கர்சீப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் கர்சீப்பைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே கால்.

"மேடம், நான் பண்ருட்டிக்குப் போறேன்," என்றேன். ஸ்கூட்டிச் சாவி என் கையிலேயே இருந்தது. "தூரத்துல நின்னு ஆளைப் பார்த்துடலாம்."

"பார்த்து என்ன பண்ணுவீங்க டீச்சர்? அவனுக்கு டெஸ்ட் வெப்பீங்களா?"

நான் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

அதற்குள் பிரியதர்ஷினி அவர் மேஜை முனையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எல்லாத்தையும் அழிச்சிடலாம் மேடம். இனிமே சத்தியமா பண்ண மாட்டோம். போலீஸ்னா எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு."

இங்கேதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் மூடிவிட்டால் மூன்று பிள்ளைகளின் பெயரும் தப்பும், பள்ளியின் பெயரும் தப்பும். நிதின் என்று ஒரு பையன் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நொடியில் எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

தலைமையாசிரியை பிரியதர்ஷினியின் கையை மேஜையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "நிதின் நீங்க உண்டாக்கின பையன். அவன் பஸ் ஏறப்போறது இல்ல. ஆனா அந்த ஆளுக்கு அது தெரியாது. உண்மையான பையன் எவனாவது அவன்கூட பைக்ல ஏறியிருந்தா? அடுத்த வாரம் ஏறினா?"

மூன்று பேரின் அழுகையும் நின்றது. நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "போலீஸுக்குப் போன் பண்ணுங்க மேடம். எங்க அத்தாவுக்கும் பண்ணிடுங்க."

ஒரு மணிக்கு மூன்று வீட்டுப் பெற்றோரும் வந்துவிட்டார்கள். மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. சாதாரணப் புடவையில் வந்தார். தலைமையாசிரியை பிள்ளைகளை உட்கார வைத்து, "நீங்களே சொல்லுங்க, நாங்க நடுவுல பேச மாட்டோம்," என்றார். சொன்னார்கள். பிரியதர்ஷினியின் அப்பா முதல் ஷிஃப்ட்டிலிருந்து பாதியில் வந்திருந்தார், சட்டையெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூசி. முகம் கடுகடுவென்று இருந்தது. ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். நான்கைந்து பக்கம் போனதும் புரட்டும் வேகம் குறைந்தது.

"ஷிஃப்ட் ஹேண்ட் ஓவர் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு," என்றார் யாரையும் பார்க்காமல். "எங்க செக்‌ஷன்லகூட இப்படி எழுத மாட்டேங்கறாங்க."

அவர் மனைவி முறைத்த முறைப்பில் நோட்டை மூடி வைத்தார். ஆனால் தோல் உரிக்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இனிமேல் இதில் பிள்ளைகள் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். நிதின் ஐடி திறந்திருந்த என் போனைத் தானே வாங்கி, 'நான் மூன்று மணிக்குச் சரியாக வந்துவிடுவேன். நன்றி.' என்று அடித்தார். அனுப்பும்முன் சங்கீதா பக்கம் பார்த்தார். சங்கீதா உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிந்தாள்.

"என்னம்மா?"

"நிதின் நன்றியெல்லாம் சொல்ல மாட்டான் மேடம். ஃபுல் ஸ்டாப்பும் வைக்க மாட்டான்."

எஸ்.ஐ. நன்றியை எடுத்தார். ஃபுல் ஸ்டாப்பை எடுத்தார். மறுபடி பார்த்தார். சங்கீதா தலையை ஆட்டினாள். அனுப்பினார்.

எஸ்.ஐ. பண்ருட்டிக்குக் கிளம்பிப் போனார். அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. அந்த இரண்டு மணி நேரம், இந்த வேலையில் நான் கழித்த மிக நீளமான இரண்டு மணி நேரம். யாரும் சாப்பிடவில்லை. ஏதாவது ஒரு போன் சிணுங்கினால் எல்லாரும் எழுந்து நின்றோம். மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு எஸ்.ஐ.யின் போன் வந்தது. பலாப்பழக் குவியல்களுக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திக்கொண்டு, கையில் இன்னொரு ஹெல்மெட்டோடு, சென்னை பஸ்ஸில் இறங்கும் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். யோகா படம் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அவன் போனில் இன்னும் நான்கு பெண் பிள்ளைகளின் பெயரில், அவர்களுக்குத் தெரியாமல் ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த படங்களோடு ஐடிகள் இருந்தன. அவற்றோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் உண்மையான பையன்கள் இரண்டு பேர். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருவனை அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தான்.

பிறகு நிலோஃபரின் அத்தா எழுந்து போய் எல்லாருக்கும் சேர்த்து டீயும் பன்னும் வாங்கி வந்தார். அத்தனை பேரும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி சாப்பிட்டோம். சங்கீதா இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு விக்கலோடு சிரிக்க ஆரம்பித்தாள். அது ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் தலைமையாசிரியையும் பிரியதர்ஷினியின் அப்பாவும் சிரித்தார்கள். எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

பிள்ளைகளுக்குத் தண்டனை இல்லை என்று நினைக்காதீர்கள். பள்ளியிலிருந்து நீக்குவதா என்ற பேச்சு வந்தபோது தலைமையாசிரியை மறுத்துவிட்டார். அதற்குப் பதில் அவர் விதித்தது அதைவிடக் கடினமானது. யோகலட்சுமி குணமாகி வந்ததும், மூவரும் அவள் எதிரே உட்கார்ந்து நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். திமிர் என்று நினைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்து நாள் கழித்து வந்தாள். கன்னம் வடிந்திருந்தது. லேபில் நான்கு பேரையும் வட்டமாக உட்கார வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பூரி, சளி, தங்கைகள், எல்லாம். யோகா ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம். நடுவில் புகுந்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தலைமையாசிரியை அன்று என்னைச் சாவியோடு நிறுத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

கடைசியில் யோகா கேட்டாள்.

"ஒரு மாசமா, தினமும் மூணு வேளை, மூணு பேரும் எங்கூடப் பேசியிருக்கீங்க. இல்ல?"

"ஆமா," என்றாள் பிரியதர்ஷினி.

"எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு."

நிலோஃபர்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"இப்பப் பேசலாமா?"

யோகலட்சுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"பேசலாம்," என்றாள். "ஆனா கணக்குப் பீரியட்ல மட்டும் வேணாம்."